கிளாசிக்கலுக்கு நடந்தார்கள், ஜாஸுக்கு ஓடினார்கள்

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பரப்பி, மரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டால் யாரும் வந்து என்ன விசேஷம் என்று கேட்கமாட்டார்கள். குழாயில் வரும் பாட்டே சொல்லிவிடும். துள்ளலாக இருந்தால் கல்யாணம். பக்தியாக இருந்தால் ஆலயப் பண்டிகை. வார்த்தையே இல்லாமல், இழுவையாக ஏதாவது வந்தால் வெள்ளைத் துணிக்கு மாறிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான்காவதாக ஒரு காரணமும் இருக்கக்கூடும், உள்ளே ஒருவன் மேற்கத்திய கிளாசிக்கல் இசைத்தட்டையும் ஜாஸ் இசைத்தட்டையும் மாற்றி மாற்றிப் போட்டு எது உசத்தி என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்று இரணியல் சுற்றுவட்டாரத்தில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படியொரு பிறவி அந்தப் பக்கத்தில் அதற்கு முன் பிறந்ததில்லை.

நான்தான் அந்தப் பிறவி. இரண்டாயிரத்து எட்டு வாக்கில், எனக்கு முப்பத்திரண்டு வயது நடந்துகொண்டிருந்தபோது (ஜாதகம் பார்க்காத குடும்பம் என்பதால் இருபத்தொன்பது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்) நடந்த கதை இது. ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் வாத்தியார் வேலை. வரன்கள் வந்தன, போயின. ஒரு வீட்டார் மட்டும் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள்: "பையன் கொள்ளாம். ஆனா வாய மூடமாட்டேங்கான்."

பிறகுதான் திருவட்டாறு சம்பந்தம் வந்தது. பெண்ணின் பெயர் பியூலா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெண் பார்க்கப் போன இடத்தில் நான் சொன்ன ஏதோ ஒன்றுக்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் நினைவிருக்கிறது. கல்யாணம் என்று ஒன்று நடந்தால் இந்தப் பெண்ணோடுதான், இல்லையென்றால் இப்படியே இருந்துவிடுகிறேன் என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

சிக்கல் பெண்ணின் அப்பா. பல வருடங்கள் கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அகன்ற தோள், அளந்த பேச்சு. நான் பத்து வார்த்தை பேசினால் அவர் 'ம்' என்பார். சுவரில் கப்பல் படம், அதன் கீழே குரோஷா துணி போர்த்திய ஒரு ரெக்கார்ட் பிளேயர். அதைப் பார்த்ததும் என் நாக்கு என்னைக் கேட்காமலே கிளம்பிவிட்டது.

"நானும் ரெக்கார்ட் கலெக்‌ஷன் வச்சிருக்கேன் மாமா" என்றேன். (சம்பந்தம் பேசி முடிப்பதற்கு முன்பே மாமா என்று கூப்பிட்டதற்காக என் அக்கா பின்னாலிருந்து கிள்ளினாள்.)

"என்ன கலெக்‌ஷன்?" என்றார்.

"கிளாசிக்கல், ஜாஸ், ரெண்டும்."

அவர் முதல்முறையாக முழு வாக்கியம் பேசினார். "ரெண்டுல எது கொள்ளாம்?"

எது நல்லது என்று கேட்கிறார். மேலே பார்த்தேன், விசிறியைப் பார்த்தேன், "அது விளக்கணும்னா போட்டுக் கேக்கணும் மாமா" என்றேன்.

"செரி. சனிக்கிழமை வீடு காண வாறோம்லா, அப்பக் கேப்போம்" என்றார்.

வீடு காண்பது என்றால், பெண் வீட்டுப் பெரியவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, கூரையைப் பார்த்து, கிணற்றை எட்டிப் பார்த்து, பலகாரம் சாப்பிட்டுவிட்டு, சம்மதமா இல்லையா என்று சொல்வது. அதில் இப்போது இசைத்தட்டும் சேர்ந்துகொண்டது. என் கலெக்‌ஷனில் அப்போது இருந்தவை ஒரு பிளேயர், கிறிஸ்தவ கீதங்கள் இரண்டு தட்டு, கோழி வளர்ப்பு பற்றிய உரை ஒரு தட்டு.

ஆகவே கோட்டாறுக்குப் போனோம். போனோம் என்றால் நானும் அக்காவின் வீட்டுக்காரரும். தங்கராஜ் அத்தான் எங்கள் சபையின் பாடகர் குழுத் தலைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கையை ஆட்டி ஆட்டிப் பழகியவர் என்பதால் உலகத்தில் எந்தச் சங்கீதத்தைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லும் தகுதி தனக்கு உண்டு என்று நம்பினார். கோட்டாறில் ஒரு சந்துக்குள் பழைய சாமான் வாங்கி விற்கும் கடை இருந்தது. மலை எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது வந்த சாமான்கள் அங்கே கிடப்பதாக அத்தான் கேள்விப்பட்டிருந்தார். உண்மைதான். ஒரு குளியல் தொட்டி, கண்ணாடிக் கண் வைத்த மான் தலை, அதற்குப் பின்னால் சாக்குப் பைகளில் இசைத்தட்டுகள்.

ரெக்கார்ட் வாங்குவது எப்படி என்று முந்தின நாளே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்திருந்தேன். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். கீறல் பார்க்க வேண்டும். விரல் நுனி படாமல் விளிம்பில் தாங்க வேண்டும். உறையைப் பூஞ்சை வாசனை வருகிறதா என்று முகர வேண்டும். இதையெல்லாம் நான் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்வதைக் கடைக்காரர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மக்கா மோந்து மோந்து பாக்க? நெத்திலியா வாங்குக?" என்றார்.

"இதுல கிளாசிக்கல் எது, ஜாஸ் எதுன்னு பிரிச்சு வச்சிருக்கியளா?"

"எங்கிட்ட எல்லாம் எடைதான். பெட்டியில இருக்கது கனம், உறையில இருக்கது கனம் கொறவு."

கிளாசிக்கல் தட்டுகள் கெட்டி அட்டைப் பெட்டிகளில், கூடவே தடித்த புத்தகத்தோடு இருந்தன. ஜாஸ் ஒற்றை உறையில் இருந்தது. தராசில் வைத்துப் பார்த்தால் ஜாஸே லாபம். இரண்டு இசை மரபுகளுக்கும் நடுவே நான் அன்று கண்டுபிடித்த முதல் வித்தியாசம் இதுதான். எந்த விமர்சகரும் இந்தக் கோணத்தில் எழுதியதாகத் தெரியவில்லை.

அத்தான் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டார். அட்டையில் நிறைய வயலின்கள், நடுவே கலைந்த தலையோடு ஒருவர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். (அந்தக் கைதான் அத்தானை இழுத்தது என்று நினைக்கிறேன்.) நான் கன்னம் உப்ப டிரம்பெட் ஊதும் ஒருவரின் படம் போட்ட ஜாஸ் தட்டை எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் சண்டை ஆரம்பித்தது.

"மாப்ள, கப்பல்ல துரைமாரு கூட இருந்த மனுசன் அவரு. வயலின்தான் புடிக்கும்" என்றார் அத்தான்.

"கப்பல் கரைக்கு வந்தா துறைமுகத்துல எல்லா கிளப்புலயும் டிரம்பெட்டுதான் அத்தான்."

"நீ எந்தத் துறைமுகத்தக் கண்ட?"

"நீங்க எந்தத் துரையக் கண்டிய?"

எங்கள் இருவரின் கப்பல் அனுபவமும் கன்னியாகுமரியில் பாறைக்குப் போகும் படகோடு சரி. தக்கலை வரைக்கும் முடிவு எட்டவில்லை. சனிக்கிழமை காலையில், விருந்தாளிகள் வருவதற்கு முன்னால், இரண்டையும் போட்டு ஒத்துப்பார்த்து முடிவெடுப்பது என்று இறங்கும்போது ஒப்பந்தம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை என் ஆம்ப்ளிஃபையர் புகைந்துபோனது. பரவாயில்லை, பந்தலுக்கும் நாற்காலிக்கும் மைக் செட் வர்க்கீஸிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். எங்கள் ஊரில் பந்தல், நாற்காலி, மைக் செட், பிரேதம் வைக்கும் ஐஸ் பெட்டி எல்லாம் அவரிடம்தான். "ஒரு ஆம்ப்ளிஃபையரும் பாக்ஸும் சேர்த்து அனுப்புங்க அண்ணா" என்றேன். சனிக்கிழமை விடிந்ததும் அவரே வந்து, பந்தல் போட்டு, நாற்காலியை வரிசையாக இறக்கி, என் அறையில் பாக்ஸை வைத்து ஒயர் கொடுத்துவிட்டு, முளகுமூட்டில் ஒரு விசேஷத்துக்கு அவசரமாகப் போய்விட்டார். போகும்போது, பழக்க தோஷத்தில், முற்றத்துப் பலாமரத்தில் ஒரு குழாயையும் ரோட்டைப் பார்த்துக் கட்டி அதே ஆம்ப்ளிஃபையரில் சொருகிவிட்டுப் போனார். (பிறகு கேட்டதற்கு, "குழாய் கெட்டாம மைக் செட்டா? ஆளுவளுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். அவர் சொன்னபடிதான் நடந்தது.)

குழாய் இருப்பது எனக்குத் தெரியாது, அவர் கூடுதலாகச் சொருகிய ஒயரையும் கவனிக்கவில்லை. காரணம், நான் அதிகாலையிலிருந்தே அறையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தேன். எதிரொலி வராமலிருக்க ஜன்னல்களில் கம்பளியும் சமுக்காளமும் தொங்கவிட வேண்டும் என்று படித்திருந்தேன். அதில் ஒன்று அப்பாவின் கம்பளி. அதனால் அவர் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தார். அவருக்குக் குழாய் தெரியும். ஆனால் அது நான் சொல்லிக் கட்டியது என்று நினைத்துக்கொண்டு, பேசாத மகனிடம் அதைப் பற்றி என்ன பேச்சு என்று வெள்ளை வேட்டி சட்டையில் பந்தலின் கீழே முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் முகம் சந்தோஷமான நாளிலேயே கொஞ்சம் தொங்கித்தான் இருக்கும். அம்மையும் அக்காவும் பின்கட்டில் முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

பல்பு வெளிச்சம் செவியின் கூர்மையைக் குறைக்கும் என்றும் எங்கோ படித்திருந்தேன். எனவே கதவைச் சாத்தி, ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்தோம். பாக்ஸ் தரையில் இருந்தது. கேட்பவனின் காது ஸ்பீக்கரின் மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. நான் பாயில் மல்லாந்து படுத்தேன். விருந்தாளிகளுக்காக உடுத்திய புது வேட்டி சட்டை கசங்கிவிடக் கூடாதே என்று காலை நேராக நீட்டி, கைகளை நெஞ்சின்மேல் கோத்து, கண்களை மூடிக்கொண்டேன். தலைமாட்டில் முக்காலி போட்டு அத்தான் உட்கார்ந்து முதல் தட்டை வைத்தார்.

கிளாசிக்கல். மெதுவான வயலின்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, இழுத்து, இழுத்து. அந்த ஒலியின் விரிவு இருக்கிறதே, நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"வீட்டுக்கு வெளியேயும் கேக்குத மாதிரி இருக்கு பாத்தியளா? அதான் ஸ்டீரியோ" என்றேன்.

"கேக்கு மாப்ள. ரோடு வரைக்கும் போயிட்டு வருது" என்றார் அத்தான்.

வெளியே என்ன நடந்தது என்பதைப் பிறகு பலரும் பலமுறை சொல்லிக் கேட்டுத் தொகுத்து வைத்திருக்கிறேன். முதலில் வந்தவர் எதிர்வீட்டு டேவிட் மாமா. தோப்பு எல்லையில் நின்ற ஒரு தென்னையை முன்னிட்டு அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் வருடக்கணக்காகிவிட்டது. இழவு வீட்டுக்குப் பகையாளியும் போக வேண்டும் என்பது எங்கள் ஊர் மரியாதை. அவர் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, அப்பாவின் கையை ஒரு நிமிஷம் பிடித்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மகனுக்கு நல்லது நடக்கும் நாளில் மனம் மாறி வந்திருக்கிறான் என்று அப்பா உருகிப்போனார். ஆனால் இருவரும் பேசாதவர்கள் ஆயிற்றே. எனவே இவர் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை, அவர் யார் போனது என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி வந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

அவர்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகு ஊருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. டேவிட் அந்த வீட்டுப் படி ஏறியிருக்கிறான் என்றால் சாவைத் தவிர வேறென்ன? ஒவ்வொருவராக வந்து, தலையைக் குனிந்து, அப்பாவின் கையைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். வீடு காணும் சடங்குக்கு ஊரே திரண்டு வருவதைக் கண்டு அப்பாவின் கண் நிறைந்துவிட்டது. அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து, வந்தவர்களும் துடைத்துக்கொண்டார்கள். சாவு விழுந்தும் தனக்குச் சொல்லவில்லையே என்ற பதற்றத்தில் ஆலயத்தில் மணி அடிப்பவர் ஓடிப்போய்த் துக்க மணி அடித்தார்.

அது அறைக்குள் எங்களுக்கும் கேட்டது.

"மணியும் சேத்திருக்கான் பாத்தியா? இதுக்குப் பேருதான் ஆர்கெஸ்ட்ரா" என்றார் அத்தான்.

"சும்மா சொல்லக்கூடாது. சரி, இப்ப நம்மாளப் போடுங்க."

அத்தான் ஜாஸை வைத்தார். அதுவும் மெதுவானதுதான். ஆனால் அதில் டிரம்பெட் இருந்தது, கூடவே பெரிய டிரம் ஒன்று அடி மேல் அடி வைத்து நடப்பதைப் போல விழுந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவச் சாவுகளில் பிரேதத்தை வீட்டிலிருந்து எடுக்கும்போதுதான் பேண்ட் செட் வாசிக்கும். டிரம்பெட், கிளாரினெட், பெரிய டிரம். அதுவரைக்கும் வீட்டில் சாவகாசமாகக் குளித்துக்கொண்டும் முடி வாரிக்கொண்டும் இருந்தவர்கள், குழாயில் டிரம்பெட்டைக் கேட்டதும், "எடுத்துட்டாவ, எடுத்துட்டாவ" என்று ஓட ஆரம்பித்தார்கள்.

"டிரம்பெட்டு ரெம்பக் குத்துது. வயலினையே போடுவோம்" என்றார் அத்தான். திரும்பவும் கிளாசிக்கல். ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ வர வேண்டியிருக்கிறது போல, எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டார்கள் என்று மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தார்கள். நான் உள்ளே, "அவசரப்படாதீங்க, ஜாஸ இன்னொருக்கா கேப்போம்" என்றேன். திரும்பவும் டிரம்பெட். திரும்பவும் ஓட்டம். இப்படி ஒரு ஊரையே கிளாசிக்கலுக்கு நடக்கவும் ஜாஸுக்கு ஓடவும் விட்டு, உள்ளே நாங்கள் இரண்டு பேரும் நயம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரோஸ்லி சித்தி அம்மையின் தங்கை. கால்வாய்க்கரையில் வீடு. ஆள் கனமானவர், ஓடிப் பழக்கமில்லாதவர். அன்றைக்கு ஓடியும் நின்றும் ஓடியும் நின்றும் வந்து சேர்ந்தார். பந்தலில் அத்தான் (அதாவது என் அப்பா) உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், அப்படியானால் அக்காதான் என்று முடிவு செய்து, மாரில் அடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தார். அடுப்படியில் அம்மை முந்திரிக்கொத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எக்கா, நீ சாவலியா?" என்றார் சித்தி. அவர் குரலில் கொஞ்சம் கோபமே இருந்ததாக அக்கா இன்றும் சொல்வாள்.

"எனக்கு ஏது சாவதுக்கு நேரம்? எண்ணெய் காயுது, அந்தக் கரண்டிய எடு" என்றாள் அம்மை.

"அப்ப ஆரு? பய எங்க?"

"அறைக்குள்ள கெடக்கான். விடியக்காலம் போயிக் கெடந்தவன், எழும்பவே இல்ல."

சித்தியின் அலறல் அங்கிருந்துதான் தொடங்கியது. அதைக் கேட்டுப் பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து உள்ளே வந்தார்கள். அறைக் கதவு திறந்தது. உள்ளே இருட்டு. மெழுகுவர்த்தி. புது வேட்டி சட்டையில், கால் நீட்டி, கைகள் நெஞ்சில் கோத்து, கண் மூடி நான். தலைமாட்டில் அத்தான் குனிந்த தலையோடு, உறையில் உள்ளதைப் படித்துக்கொண்டிருந்தார். பின்னணியில் வயலின்கள்.

எனக்கு எதுவும் தெரியாது. பெண்கள் குரல் கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து, மேலே மேலே ஏறியது.

"கோரஸ் வருது அத்தான். முதல்ல கேட்டப்ப கவனிக்கல" என்றேன், கண்ணைத் திறக்காமலே. "ஆனா கொஞ்சம் பிசிறு அடிக்கு."

ரோஸ்லி சித்தியின் இரண்டு கைகளும் என் மார்பில் விழுந்தன. நான் எழுந்து உட்கார்ந்தேன். அதுவரை அழுதுகொண்டிருந்தவர்கள் அப்போதுதான் உண்மையாகவே கத்தினார்கள். வாசலில் நின்ற இரண்டு பேர் பின்னால் சாய, அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களும் சாய, வழி பிரிந்தது. பிரிந்த வழியில், பட்டுச் சேலை கட்டிய இரண்டு பெண்மணிகள் பின்தொடர, கையில் ஒரு பெரிய மலர்வளையத்தோடு திருவட்டாறு மாமா நின்றுகொண்டிருந்தார்.

அவர்கள் முதலில் சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். ரோட்டு முக்கிலேயே யாரோ காரை நிறுத்தி, "மாப்பிள்ளை வீட்டுல சாவு" என்று சொல்லியிருக்கிறார்கள். வெறுங்கையோடு போவது முறையில்லை என்று தக்கலைக்குத் திரும்பிப் போய் மலர்வளையம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

தட்டு முடிந்து, ஊசி கடைசி வட்டத்தில் 'டிக், டிக்' என்று சுற்றுவது பலாமரத்திலிருந்தும் கேட்டது. அப்போதுதான் எனக்குக் குழாய் இருப்பதே தெரிந்தது.

"என்னலே இது?" என்றார் அப்பா. கம்பளிச் சண்டைக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

"ரெண்டு ரெக்கார்டையும் ஒத்துப் பாத்தோம்பா" என்றேன்.

ஊர் முழுவதும் என்னைப் பார்த்தது. அத்தான், மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தால் தன்னையும் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதுபோல, அதை அணைத்தார். டேவிட் மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "செத்த வீட்டுக்குத்தான் நான் வந்தேன். உசிரோட இருக்கவன் வீட்டுக்கில்ல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, விறுவிறுவென்று போய்விட்டார். மற்றவர்கள் எப்படிப் போவது என்று தெரியாமல் நின்றார்கள். இழவு வீட்டில் இருந்து போனால் குளிக்க வேண்டும், விசேஷ வீடென்றால் சாப்பிட வேண்டும். இது எந்த வீடு? ரோஸ்லி சித்திதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "ஆரும் சாவலியே. அப்பத் திங்கலாம்." அம்மை விருந்தாளிகளுக்காகப் பொரித்த முந்திரிக்கொத்து முழுவதும் ஊருக்குப் போயிற்று.

நான் பாயிலிருந்து எழுந்தேன். பியூலாவின் சிரிப்பு கைநழுவித் திருவட்டாறுக்கே திரும்பிப்போய்விட்டது என்று நினைத்தேன். அழுகை வந்தது, ஆனால் அங்கே அழுவதற்கு ஏற்கெனவே ஆள் அதிகம். கடைசி முயற்சியாக மாமாவின் பக்கத்தில் போனேன்.

"மாமா, எதப் போடட்டும்? கிளாசிக்கலா, ஜாஸா?"

"ஒண்ணும் போடாண்டாம்" என்றார். மலர்வளையத்தை என் கட்டிலின்மேல் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். "எஞ்சின் ரூமுல கெடந்தவனுக்குப் பாட்டு என்ன மக்கா பாட்டு. ஒரு காது செத்தே போச்சு. அந்தப் பிளேயரு கூட வேலை பாத்த ஒருத்தன் குடுத்தது."

"அப்ப எது கொள்ளாம்னு கேட்டியளே?"

"நீங்க பேசிக்கிட்டே இருந்திய. நானும் ஏதாவது கேக்கணும்லா."

நான் கோட்டாறில் மோந்து பார்த்த ஒவ்வொரு உறையும் என் கண் முன்னால் வந்துபோனது.

பந்தலில் எல்லோரும் வாயில் முந்திரிக்கொத்தோடு காத்திருந்தார்கள். யாரும் கலைந்து போகவில்லை. (இழவைவிட இதுதான் அவர்களுக்குச் சுவாரசியமாக இருந்திருக்க வேண்டும்.) மாமா வெளியே வந்து, எல்லா நாற்காலிகளையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, அப்பாவின் எதிரே உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை வீட்டப் பத்தி விசாரிக்க ஆளு விட்டிருந்தோம். ஆருகிட்ட கேட்டாலும் நல்ல குடும்பம்னுதான் சொல்லுவானுவ. வாயால சொல்லுகதுக்கு என்ன செலவு? சோலிய விட்டுட்டு வாறவன் எத்தன பேருன்னு ஒரு சாவு விழுந்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் பொறுத்திருந்து எவன் பொண்ணு குடுக்க முடியும்?" எதிர்வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பினார். "பேச்சுவார்த்த இல்லாதவனும் வந்துட்டுப் போறான். நாங்க பாத்தாச்சு. எங்களுக்குச் சம்மதம்."

என் வாழ்க்கையில் எனக்குப் பேச்சு வராத ஒரே சந்தர்ப்பம் அது. அப்பா என் சார்பில் அழுதார்.

மலர்வளையத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, வீணாக்கக் கூடாது என்று ரோஸ்லி சித்தி அதைக் கொண்டுபோய்த் தன் மாமியாரின் கல்லறையில் வைத்துவிட்டு வந்தார். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தட்டுகள் இன்னும் இருக்கின்றன. எது உசத்தி என்று அத்தானும் நானும் இன்றுவரை முடிவு செய்யவில்லை, செய்ய விடமாட்டார்கள். பியூலா எனக்கு விதித்திருக்கும் நிபந்தனை ஒன்றுதான்: பாட்டுக் கேட்பதென்றால் உட்கார்ந்து கேட்க வேண்டும். படுத்துக்கொண்டு கேட்டால் அவள் அப்பா மலர்வளையத்தோடு வந்துவிடுவார் என்று நினைவூட்டுவாள். எங்கள் வீட்டில் யார் மதியம் அசையாமல் தூங்கினாலும், "சத்தம் போடாதீங்க, பாட்டு கேக்கான்" என்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு நாகர்கோவிலில் ஓர் ஆபரேஷன் நடந்தது. பித்தப்பையில் கல். பெரிய விஷயமில்லை, ஆனால் மயக்க மருந்து கொடுத்துக் கட்டிலில் போட்டிருந்தார்கள். பாதி நினைவு திரும்பிய நேரத்தில் யாரோ என் விலாவில் விரலால் குத்தினார்கள். இன்னொரு குத்து. கண்ணைத் திறக்க முடியவில்லை.

"கண்ணத் தொறலே" என்றது ரோஸ்லி சித்தியின் குரல். மேல்மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறி வந்திருக்கிறார், ஓடித்தான் வந்திருக்கிறார். "ஒனக்கு நான் ஒருக்கா அழுது தீத்தாச்சு. இன்னொருக்கா என்னால ஆவாது. தொற."

நான் கண்ணைத் திறந்தேன். சித்தி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற என் மனைவியைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏட்டி பியூலா, ஒண்ணுமில்ல. இவன் பாட்டுதான் கேட்டுக்கிட்டுக் கெடக்கான்."